பாலீர்ப்பு பிறவியிலேயே வருவதா, நாமே தேர்ந்தெடுப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைபேசி வழியாக மனநல ஆலோசனை தரும் சேவை ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தங்கள் பாலீர்ப்பைப் பற்றிக் குழம்பும் இளைஞர்கள் அழைப்பார்கள். அவர்களைவிட அதிகமாக, அவர்களைப் பெற்றவர்கள் அழைப்பார்கள். வார்த்தைகள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளையும், இதுவரை அறிவியல் கண்டறிந்ததை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். பிறவியா, தேர்வா?

தேர்வு இல்லை. இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். பிறவியா என்ற மறுபாதிக்குத்தான் கொஞ்சம் நிதானமான பதில் வேண்டும். கருவிலேயே தொடங்கும் உயிரியல் காரணங்களுக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஆனால் இந்த மரபணுதான், இந்த ஹார்மோன்தான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது.

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றாகக் கட்டிவைத்துக் கேட்பதால்தான் அவ்வளவு சண்டையும். "பிறவியில் வந்தது என்று நிரூபி, முடியாவிட்டால் நீயாகத் தேர்ந்தெடுத்தது என்று ஒப்புக்கொள்" என்று ஒரு பிள்ளையை மடக்குவார்கள். தாய்மொழியை எண்ணிப் பாருங்கள். எந்தக் குழந்தையும் ஒரு மொழியைப் பேசிக்கொண்டே பிறப்பதில்லை. அதற்காக, எனக்கு இந்தத் தாய்மொழிதான் வேண்டும் என்று யாராவது தேர்ந்தெடுத்தது உண்டா? காரணம் முழுதாகத் தெரியாத ஒன்று விருப்பத்தால் வந்ததாகிவிடாது.

பாலீர்ப்பு என்றால் சரியாக என்ன?

யாரிடம் காதலும் உடல் ஈர்ப்பும் தோன்றுகிறதோ, அந்தப் போக்கு. எதிர்பாலரிடம் தோன்றினால் எதிர்பாலீர்ப்பு; தன் பாலினத்தவரிடம் என்றால் தன்பாலீர்ப்பு; இரு பாலரிடமும் என்றால் இருபாலீர்ப்பு. யாரிடமும் பாலியல் ஈர்ப்பு தோன்றாதவர்களும் இருக்கிறார்கள்.

'ஓரினச்சேர்க்கை' என்ற பழைய சொல்லை நான் தவிர்க்கிறேன். அது மனிதரை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பார்க்கிறது. யாரையும் தொட்டே இராத பதினாறு வயதுப் பையனுக்கும் பாலீர்ப்பு உண்டு. 'பாலியல் தேர்வு', 'பாலியல் விருப்பம்' என்று எழுதுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே அந்தச் சொற்கள் பதிலைச் சொல்லிவிடுகின்றன.

தன்பாலீர்ப்பு உள்ளவரும் திருநங்கையும் ஒன்றா?

இல்லை. நான் யாரை விரும்புகிறேன் என்பது பாலீர்ப்பு. நான் ஆணா பெண்ணா என்று என்னை உணர்வது பாலின அடையாளம். ஆணை விரும்பும் ஆண், பெரும்பாலும் தன்னை ஆணாகவே உணர்கிறார்.

தேர்வு இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

முதல் சான்று உங்களிடமே இருக்கிறது. எதிர்பாலரை விரும்புகிறவராக நீங்கள் இருந்தால், எந்த வயதில், எந்த நாளில் அந்த முடிவை எடுத்தீர்கள்? இப்படிக் கேட்டால் எல்லோரும் சற்றுத் திகைக்கிறார்கள். முடிவு எதுவும் எடுத்ததில்லை; ஒரு நாள் வகுப்பில் ஒருவரைப் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது, அவ்வளவுதான். தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கும் அப்படியேதான் நடக்கிறது. முதல் ஈர்ப்பு எப்போது என்று ஆய்வாளர்கள் கேட்டபோது இரு தரப்பினரும் சராசரியாகப் பத்து வயதை ஒட்டியே சொல்லியிருக்கிறார்கள். காதல், உறவு என்ற சொற்களுக்கே பொருள் தெரியாத வயது அது.

இன்னொன்றையும் பாருங்கள். இதற்காகச் சிறைக்குப் போனவர்கள், வேலை இழந்தவர்கள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சங்கேதச் செய்திகளை உடைக்க உதவிய கணித மேதை ஆலன் டூரிங், 1952-இல் ஓர் ஆணுடனான உறவுக்காகத் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசிகளை ஏற்றுக்கொண்டார். 1954-இல், 41 வயதில் இறந்துபோனார். விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருந்தால் இந்த விலையைக் கொடுத்து யார் அதை வைத்துக்கொள்வார்கள்? என்னை அழைக்கும் இளைஞர்களில் எத்தனையோ பேர், மாறிவிட வேண்டும் என்று வருடக்கணக்கில் இரவும் பகலும் வேண்டிக்கொண்டவர்கள்.

தன்பாலீர்ப்புக்கு என்று ஒரு மரபணு கண்டுபிடித்துவிட்டார்களாமே?

1993-இல் டீன் ஹேமர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, தன்பாலீர்ப்பு உள்ள 40 சகோதர இணைகளைச் சோதித்தது. 33 இணைகளில் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் ஒரே பகுதி இருவருக்கும் பொதுவாக இருந்தது. உடனே செய்தித்தாள்கள் மரபணு கிடைத்துவிட்டது என்று எழுதின. அந்தத் தலைப்புச் செய்தியின் எதிரொலியைத்தான் இன்றும் கேட்கிறோம். அடுத்து வந்த ஆய்வுகள் சில அதை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை.

பெரிய பதில் 2019-இல் வந்தது. 'சயன்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வு ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுத் தகவலை அலசியது. தெளிவான தொடர்புடைய இடங்களாக ஐந்து மட்டும் தென்பட்டன. அவை ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. மிகச் சிறிய அளவில் பங்களிக்கும் எண்ணற்ற மரபணு வேறுபாடுகளையும் கூட்டிப் பார்த்தால், மனிதர்களிடையே காணும் வேறுபாட்டில் 8 முதல் 25 சதவீதம் வரை விளக்க முடிந்தது. ஆக, மரபணுவுக்குப் பங்கு உண்டு; ஒற்றை மரபணு என்று ஒன்று கிடையாது. ஒருவரின் மரபணுவைப் பார்த்து அவர் யாரை விரும்புவார் என்று சொல்லவும் முடியாது. அந்த ஆய்வு கேட்டது, தன் பாலினத்தவருடன் எப்போதாவது உறவு இருந்ததா என்பதைத்தான். உள்ளே இருக்கும் ஈர்ப்பும் வெளியே நடக்கும் உறவும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் இருக்கிறதே. அப்படியானால் பிறவி இல்லைதானே?

நல்ல கேள்வி. ஒரே உருவ இரட்டையரில் ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவராக இருந்தால், மற்றவரும் அப்படி இருக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு கூடுதல். ஆனால் நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1991-இல் மைக்கேல் பெய்லியும் ரிச்சர்ட் பில்லர்டும் செய்த ஆய்வில் ஆண்களிடம் 52 சதவீதம் வந்தது. அதில் பங்கேற்றவர்கள் விளம்பரம் பார்த்துத் தாமாக வந்தவர்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் இரட்டையர் பதிவேட்டிலிருந்து ஆட்களை எடுத்துப் பார்த்தபோது ஆண்களிடம் 20, பெண்களிடம் 24 சதவீதம் என்று குறைந்தது.

இதிலிருந்து மரபணு மட்டும் காரணம் இல்லை என்றுதான் பெறப்படுகிறது. மரபணு இல்லையென்றால் பிறவி இல்லை என்று தாவிவிடக் கூடாது. ஒரே கருவறையில் இருந்தாலும் இருவருக்கும் இரத்த ஓட்டம் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பிறப்பு எடையே வேறுபடும். ஒரே உருவ இரட்டையரில் ஒருவர் வலக்கைக்காரராகவும் மற்றவர் இடக்கைக்காரராகவும் இருப்பது சாதாரணமாகக் காணும் செய்தி. இடக்கைப் பழக்கம் உள்ளவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை.

அண்ணன்மார் அதிகம் இருந்தால் தம்பி தன்பாலீர்ப்பு உள்ளவராக இருக்கும் வாய்ப்பு கூடுமாமே? இது மூடநம்பிக்கையா?

உண்மை. இந்தத் துறையில் மிக உறுதியாக நிலைத்த கண்டுபிடிப்புகளில் ஒன்று. கனடாவைச் சேர்ந்த ரே பிளான்சர்டும் ஆண்டனி போகார்ட்டும் 1996-இல் எழுதியது. ஒவ்வோர் அண்ணனுக்கும் தம்பியின் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பயந்துவிடாதீர்கள். அண்ணன் இல்லாதவருக்கு வாய்ப்பு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஓர் அண்ணன் உள்ளவருக்கு அது 2.6 சதவீதம். மூன்று நான்கு அண்ணன்மார் இருந்தாலும் பெரும்பாலான தம்பிகள் எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களே.

அண்ணன்மாரோடு வளர்ந்த விதம்தான் காரணம் என்று தோன்றலாம். போகார்ட் 2006-இல் அதையும் சோதித்தார். தத்தெடுத்த அண்ணன், மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் ஆகியோருடன் ஒரே வீட்டில் வளர்ந்தாலும் இந்த விளைவு வரவில்லை. ஒரே தாய் வயிற்றில் முன்னால் பிறந்த அண்ணன் வேறெங்கோ வளர்ந்திருந்தாலும் வந்தது. வீடு கணக்கில் வரவில்லை, கருவறைதான் வந்தது. ஆண் கருவில் மட்டும் இருக்கும் சில புரதங்களுக்கு எதிராகத் தாயின் உடல் சிறிது சிறிதாக எதிர்ப்பொருளை உருவாக்குகிறது, அது அடுத்த ஆண் கருவின் மூளை வளர்ச்சியைத் தொடுகிறது என்பது இதற்கான விளக்கம். 2018-இல் அதற்கு ஆதரவான இரத்தப் பரிசோதனை முடிவுகளும் வந்தன. இந்தக் கணக்கு முக்கியமாக ஆண்களுக்கு உரியது. ஆண்களிலும் ஒரு பகுதியினருக்கு மட்டுமே; மூத்த பிள்ளையும் தன்பாலீர்ப்பு உள்ளவராக இருக்கிறாரே என்றால், அங்கே வேறு காரணங்கள்.

ஹார்மோன் குறைவா? மருந்து கொடுத்தால் சரியாகுமா?

வளர்ந்தவர்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவு இதைத் தீர்மானிப்பதில்லை. ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு. ஈர்ப்பின் திசை மாறவில்லை.

கருவில் இருக்கும்போது நடப்பது வேறு கதை. பிறவி அட்ரீனல் சுரப்பிக் கோளாறு உள்ள பெண் குழந்தைகளுக்கு கருவிலேயே ஆண் ஹார்மோன் கூடுதலாகப் படுகிறது. அவர்கள் வளர்ந்ததும், பெண்களிடம் ஈர்ப்பு உள்ளவர்களின் விகிதம் அவர்களுடைய சகோதரிகளைவிடக் கூடுதலாக இருக்கிறது. அவர்களிலும் பெரும்பான்மையோர் ஆண்களையே விரும்புகிறார்கள். மூளையைப் பற்றி 1991-இல் சைமன் லவே என்ற நரம்பியல் ஆய்வாளர் எழுதியது பரபரப்பானது: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதி, தன்பாலீர்ப்பு உள்ள ஆண்களிடம் அளவில் சிறியதாக இருந்தது. 41 பேரின் மூளை மட்டுமே பார்க்கப்பட்டது, அவர்களில் பலர் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்கள். எனவே அதை முடிந்த முடிவாக நான் சொல்வதில்லை.

எங்கள் வளர்ப்பில்தான் தவறா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு முறை ஒரு தாய் அழைத்தார். பேசுவதற்கு முன் காகிதம் புரளும் ஓசை கேட்டது. மகன் தன் பாலீர்ப்பைப் பற்றிச் சொன்ன இரவிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார்: கர்ப்பமாக இருந்தபோது எடுத்துக்கொண்ட காய்ச்சல் மாத்திரை, பெண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டது, இரண்டு வயதில் விளையாட்டாகப் பொட்டு வைத்துப் படம் எடுத்தது, கணவர் வேலைக்காக வெளியூரில் இருந்த மூன்று வருடங்கள். ஒவ்வொன்றாகப் படித்து, "இதுவா? இதுவா?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "இல்லை அம்மா" என்றேன். கடைசி வரியில் அவர் அழுதுவிட்டார். அந்தப் பட்டியலை அவர் மனத்தில் விதைத்தது ஊர்ப்பேச்சு மட்டும் இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களும் விதைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மனப்பகுப்பாய்வாளர்கள் பலர், ஒட்டிக்கொள்ளும் தாயும் ஒதுங்கிப்போகும் தந்தையும்தான் காரணம் என்று எழுதினார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்துச் சொன்ன முடிவு அது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் மற்ற பையன்களைப் போல இல்லை என்று கண்ட தந்தைதான் ஒதுங்கிப்போகிறார். அந்த வெறுமையை நிரப்பத் தாய் நெருங்கி வருகிறார். அந்தத் துறையின் தந்தையான சிக்மண்ட் ஃபிராய்டே 1935-இல் ஒரு தாய்க்கு எழுதிய கடிதத்தில், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, இதை நோய் என்று வகைப்படுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

வளர்ப்புக்கு அவ்வளவு வலிமை இருக்கிறதா என்பதற்கு வேதனையான ஒரு சான்றும் இருக்கிறது. 1965-இல் கனடாவில் பிறந்த டேவிட் ரைமர், குழந்தையாக இருந்தபோது அறுவை சிகிச்சைத் தவறால் ஆணுறுப்பை இழந்தார். மருத்துவர்களின் அறிவுரைப்படி பெண் குழந்தையாகவே வளர்க்கப்பட்டார். பெண் பெயர், பெண் உடை, பெண் ஹார்மோன் எல்லாம் கொடுத்தார்கள். அவர் தன்னைப் பெண்ணாக உணரவும் இல்லை, ஆண்களிடம் ஈர்ப்புக் கொள்ளவும் இல்லை; பிறகு ஆணாக வாழ்ந்து ஒரு பெண்ணை மணந்தார். இப்படி ஆணாகப் பிறந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட வேறு சிலரைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும், ஈர்ப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அதையே காட்டுகின்றன. சிறு குழந்தைப் பருவம்முதல் ஒரு குடும்பம் முழுதும் முயன்றும் திருப்ப முடியாத ஒன்றை, ஒரு பொட்டும் ஒரு புகைப்படமும் திருப்பிவிடுமா?

சினிமாவையும் இணையத்தையும் பார்த்துத்தானே இப்போது இது பெருகுகிறது?

வெளியே சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நான் பிறவியில் இடக்கைப் பழக்கம் உள்ளவள். முதல் வகுப்பில் என் இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்தால் விரல் முட்டியில் அளவுகோல் விழும். இன்று வலது கையால் அழகாக எழுதுகிறேன். ஆனால் கத்தரிக்கோல், ஊசி, பந்து எல்லாம் இடது கைக்கே போகின்றன. திடீரென்று யாராவது எதையாவது தூக்கிப் போட்டால் இடது கைதான் நீள்கிறது. என் பள்ளிப் பதிவேட்டை வைத்துக் கணக்கெடுத்தால் நான் வலக்கைக்காரி.

அமெரிக்காவில் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் இடக்கையால் எழுதியவர்கள் மூன்று நான்கு சதவீதம்தான். அடிப்பதை நிறுத்திய பிறகு அது ஏறி, 12 சதவீதத்தை ஒட்டி நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. தொற்றிப் பரவுவது என்றால் நின்றிருக்காதே. தன்பாலீர்ப்பு உள்ள இணையர் வளர்த்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எதிர்பாலரையே விரும்புகிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சிலர் "நான் தேர்ந்தெடுத்தேன்" என்று அவர்களே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். அமெரிக்க நடிகை சிந்தியா நிக்சன் 2012-இல் அப்படிச் சொன்னபோது பெரிய விவாதம் எழுந்தது. சில நாட்களில் அவரே விளக்கினார்: என் ஈர்ப்பு இருபாலீர்ப்பு, அது தேர்வு இல்லை, ஒரு பெண்ணுடன் வாழ்வது என்பதைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்றார். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். யாருடன் வாழ்வது, யாரிடம் சொல்வது, தன்னை என்ன பெயரால் அழைத்துக்கொள்வது, இவையெல்லாம் முடிவுகள். ஈர்ப்பு முடிவு இல்லை.

காலப்போக்கில் ஈர்ப்பே மாறுபவர்களும் உண்டு, பெண்களிடம் இது கூடுதல். லிசா டைமண்ட் என்ற உளவியலாளர் பெண்கள் சிலரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலோர் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரை ஒரு முறையாவது மாற்றியிருந்தார்கள். மாற்றம் வந்தது, ஆனால் வேண்டும் என்று வரவழைத்ததில்லை என்று அவரே எழுதுகிறார். வானிலை மாறுகிறது என்பதால் அதை நாம் மாற்றுகிறோம் என்று ஆகாது.

சிகிச்சையால் மாற்ற முடியுமா?

முடியாது. முயன்றால் கெடுதல் உண்டு. மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். வாந்தி வரவழைக்கும் ஊசி போட்டுப் படங்களைக் காட்டினார்கள். மிஞ்சியது அச்சமும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். மாற்ற முடியும் என்பதற்கு மேற்கோளாகக் காட்டப்பட்டது உளமருத்துவர் ராபர்ட் ஸ்பிட்ஸரின் 2003 ஆய்வு. 200 பேரிடம் தொலைபேசியில் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்ட ஆய்வு அது. 2012-இல், தான் தவறு செய்துவிட்டதாக அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மத வழியில் மாற்றுவதாகச் சொன்ன அமைப்புகளில் மிகப் பெரியது எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதத்தினரின் ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் ஒப்புக்கொண்டார். 2013-இல் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடிவிட்டார்கள்.

இன்றும் யாராவது பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்றால், பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஒரு பிள்ளையின் துயரம் இரண்டு குடும்பங்களின் துயரமாகும். அந்த அறைக்குள் வரப்போகும் இன்னொருவரின் வாழ்க்கையை யார் கணக்கில் எடுத்தார்கள்? இதில் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

இது நோயா?

இல்லை. 1957-இல் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர், தன்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்களுக்கும் எதிர்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்களுக்கும் உளவியல் சோதனைகள் வைத்து, பெயரின்றி நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பிரிவு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973-இல் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது.

இயற்கைக்கு மாறானது இல்லையா?

வளர்ப்புச் செம்மறி ஆட்டுக் கிடாக்களில் சுமார் 8 சதவீதம், பெட்டை ஆடு பக்கத்தில் நின்றாலும் கிடாவையே நாடுகின்றன. கிடாக்களுக்கு நாகரிகமும் இல்லை, இணையமும் இல்லை. அவற்றின் மூளையிலும், பெட்டையை நாடும் கிடாக்களிடம் பெரிதாக இருக்கும் ஒரு பகுதி சிறியதாக இருப்பதைச் சார்லஸ் ரோசெல்லி என்ற ஆய்வாளர் கண்டறிந்தார்.

பிறவி என்று முழுதாக நிரூபணம் ஆனால்தானே சமூகம் ஏற்கும்?

இந்த வாதத்தின் மீது நான் சாய்ந்து நிற்க விரும்பவில்லை. நாளை ஓர் ஆய்வு வேறு மாதிரி வந்தால், அன்று இவர்களின் மரியாதை போய்விடுமா? மதம் பிறவியில் உடலில் எழுதி வருவதில்லை, மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆனாலும் அதன் பெயரால் ஒருவரை அடிப்பது தவறு என்கிறோம். இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒருவரையொருவர் மனமொப்பி விரும்புகிறார்கள், யாருக்கும் தீங்கில்லை. அது போதும். காரணத்தை ஆய்வாளர்கள் நிதானமாகத் தேடட்டும், ஆர்வத்தோடு நானும் படிப்பேன்.

எனக்கு என்னைப் பற்றியே சந்தேகமாக இருக்கிறது. கண்டறிய ஏதாவது சோதனை உண்டா?

இரத்தப் பரிசோதனையோ, ஸ்கேனோ, விரல் நீளமோ எதுவும் சொல்லாது. நடை, குரல், உடை ஆகியவற்றை வைத்து மற்றவர் சொல்வதும் பயனில்லை. யாரை நினைத்தால் உங்கள் மனம் தானாகத் திரும்புகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இப்போது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்றே ஒரு பெயர் சூட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால், முதலில் உங்கள் இரகசியத்தைக் காப்பார் என்று நம்பும் ஒருவரிடம் பேசுங்கள். வீட்டில் சொல்வதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டுப் புத்தகம் எழுதிய அந்தத் தாய் சில மாதங்கள் கழித்து மறுபடி அழைத்தார். மகனுக்கும் அவன் நண்பனுக்கும் இடையே ஏதோ மனத்தாங்கல், பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்ன சொல்லித் தேற்றுவது என்று கேட்டார். அன்று காகிதம் புரளும் ஓசை கேட்கவில்லை.